பிளாஸ்டிக் உருளையும் கிள்ளான் பாட்டியும்

வீட்டில் யாராவது சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால், மெஷின் அதோடு சேர்த்துப் பதிந்துவைத்த டோஸ் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை மில்லிகிரே என்று இருக்கும். உடம்பு வாங்கிய கதிர்வீச்சு அவ்வளவுதான் என்று தோன்றும். இல்லை. அந்த எண் ஒரு பிளாஸ்டிக் உருளையுடையது. 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கட்டை ஒன்றை நீங்கள் படுத்த அதே மேசையில் கிடத்தி, அதே மின்னழுத்தம், அதே மின்னோட்டம் வைத்து எக்ஸ்ரே குழாயைச் சுற்றவிட்டிருந்தால் அந்தக் கட்டை எவ்வளவு வாங்கியிருக்கும் என்பதுதான் கணக்கு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் 32 சென்டிமீட்டர், தலைக்கு 16. ஆறடி ஆளுக்கும் அதே உருளைதான், எங்கள் பாட்டிக்கும் அதேதான்.

இந்த வருட நீண்ட செமஸ்டர் விடுமுறை எனக்கு இந்த உருளையோடுதான் போனது. கூடப் படிக்கிறவர்கள் ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் பங்சார் அலுவலகங்களிலும் பயிற்சிக்குப் போனார்கள். எனக்கு ஓர் ஆய்வுக்குழுவில் இடம் கிடைத்தது. மருத்துவப் படமெடுப்பு சிமுலேஷன். வெள்ளை அங்கி கிடையாது, நோயாளி கிடையாது, ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, குழுவின் பழைய சர்வர் ஒன்று. தங்கியது பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறை. வார இறுதியில் கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினால் கிள்ளான், பாட்டி வீடு. அறை வாடகையில் மின்கட்டணமும் அடங்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இரவெல்லாம் கணினி ஓடப்போகிறது என்பதை நான் சொல்லவில்லை.

சிமுலேஷன் என்றால் என்ன என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். புரிந்துகொண்டது பாட்டி மட்டும்தான். அதற்குக் காரணம் தாயம்.

ஓர் எக்ஸ்ரே ஃபோட்டான் உடம்புக்குள் நுழைகிறது. எவ்வளவு தூரம் போய் மோதும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சராசரி மட்டும் தெரியும். 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் தண்ணீரில் சராசரியாக ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போய் எதையாவது முட்டும். ஒன்று அரை சென்டிமீட்டரிலேயே முட்டலாம், இன்னொன்று 20 சென்டிமீட்டரையும் தாண்டி மறுபக்கம் வந்துவிடலாம். அதனால் கணினி ஒரு தாயக்கட்டையை உருட்டுகிறது: எவ்வளவு தூரம்? முட்டியதும் இரண்டாவது உருட்டல்: அணு அதை முழுசாக விழுங்கிவிட்டதா, அல்லது கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு வேறு பக்கம் தள்ளிவிட்டதா? முதலாவது ஒளிமின் விளைவு, இரண்டாவது காம்ப்டன் சிதறல். சிதறினால் மூன்றாவது உருட்டல்: எந்தத் திசையில்? பிறகு மறுபடி முதல் உருட்டல். அந்த ஃபோட்டான் விழுங்கப்படும்வரை அல்லது வெளியேறும்வரை இப்படியே. போகிற வழியில் எங்கே எவ்வளவு ஆற்றலைக் கொட்டியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஃபோட்டான் முடிந்ததும் அடுத்தது. கோடிக்கணக்கில்.

"என்னா பாப்பா, கம்ப்யூட்டர்ல ஒக்காந்து தாயம் உருட்டுறியா? அதுக்கா யூனிவர்சிட்டி?"

"ஆமா பாட்டி."

"யாரு ஜெயிக்கிறா?"

இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946இல் கடுமையான நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டு விளையாடிப் பொழுதைப் போக்கியிருக்கிறார். ஒரு கை வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு மாளவில்லை. நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. அந்த யோசனை சக கணிதவியலாளர் வான் நியூமனிடம் போய், அணு ஆயுத ஆய்வில் நியூட்ரான்களைப் பின்தொடரும் கணக்காக மாறியது. பெயர் வைத்தவர் அவர்களோடு வேலை செய்த மெட்ரோபோலிஸ். உலாமின் மாமா ஒருவர் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு மான்டி கார்லோ சூதாட்ட விடுதிக்குப் போகிறவராம், அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். 1949இல் உலாமும் மெட்ரோபோலிஸும் கட்டுரையாக வெளியிட்டார்கள். நோய்ப்படுக்கையில் பிறந்த யோசனை குண்டு செய்யப் போய், கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நான் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் கேட். அதன் அடியில் இருப்பது ஜியான்ட்4. துகள்கள் மோதும்போது உணர்கருவிகளுக்குள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே பார்க்க, செர்ன் ஆய்வுக்கூடமும் பல நாட்டு இயற்பியலாளர்களும் சேர்ந்து எழுதியது. முதல் பதிப்பு 1998இல் வந்தது. துகள் உணர்கருவிக்கு எழுதிய அதே இயற்பியல் வயிற்றுக்கும் பொருந்தும் அல்லவா? அதன் மேல் மருத்துவப் படமெடுப்புக்கென்று ஓர் அடுக்கைக் கட்டி 2004இல் கேட் வெளியானது. முதலில் பெட், ஸ்பெக்ட் ஸ்கேன்களுக்கு, பிறகு சி.டி.க்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும். இரண்டுமே இலவசம். பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் உட்கார்ந்து ஒரு மாணவி செர்ன் எழுதிய நிரலை இறக்கி ஓட்டலாம், யாரும் காசு கேட்கப் போவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

காசு இல்லாவிட்டாலும் நேரம் கேட்கும். எண்ணுகிற நிகழ்வுகள் கூடக் கூடத் துல்லியம் கூடும், ஆனால் வர்க்கமூல விகிதத்தில்தான். பத்தாயிரம் நிகழ்வு எண்ணினால் பிழை 1 சதவீதம். பத்து லட்சம் எண்ணினால் 0.1 சதவீதம். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் எழுந்து பார்க்கும்போது இன்னும் பாதிகூட ஆகியிருக்காது. அலுப்பாக இருக்கும்போது ஹவுன்ஸ்ஃபீல்டை நினைத்துக்கொள்வேன். சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் ஆய்வுக்கூடக் கருவி ஒரு படத்துக்கான அளவீடுகளை எடுக்க 9 நாள் பிடித்தது. எக்ஸ்ரே குழாய்கூட இல்லை, காமா கதிர் மூலத்தை வைத்துத் தொடங்கியவர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். 1979இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, உருளைக்கு வருகிறேன்.

சிமுலேஷன் சரியாக இருக்கிறதா என்பதை எதையாவது உண்மையாக அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். அதற்குத்தான் உருளை வேண்டும். ஃபாண்டம் என்பார்கள். 32 சென்டிமீட்டர் உருளை 15 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் 14 கிலோவுக்கு மேல் கனக்கும். நடுவில் ஒரு துளை, விளிம்பையொட்டி நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் பென்சில் மாதிரி இருக்கும் அயனிக் கூண்டைச் செருகி அளக்க வேண்டும். நடு அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, விளிம்புச் சராசரிக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கூண்டு காட்டுவது சரிதானா என்று சோதிக்க பாங்கியில் மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் தர ஆய்வுக்கூடம் இருக்கிறது, அதன் அளவீடுகள் அனைத்துலகத் தரத்தோடு பொருத்தப்பட்டவை.

நோயாளிகள் போன பிறகுதான் மெஷின் கிடைக்கும். ஆகவே அளவீடு என்றாலே இரவு வேலை. ஸ்கேன் எடுக்கும் ஜுரு எக்ஸ்ரே ஒருவர் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார், மலாய்க்காரர், தமிழ்ப் படம் நிறையப் பார்ப்பவர். உருளையை மேசையில் ஏற்றி லேசர் கோட்டுக்கு நேராக்கும்போது அவர் சொன்னார், "இவன்தான் என் நல்ல பேஷண்ட், மூச்சைப் பிடின்னு சொல்லவே வேணாம்." அன்று எடுத்த அளவீடும் என் கணினி உருளையின் அளவீடும் குழுவை நடத்தும் ப்ரொஃப் போட்ட வரம்புக்குள் ஒத்துவந்தன. அதோடு ப்ரொஃப் திருப்தியடைந்திருந்தால் விடுமுறை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் கேட்டார்: "சரி. இப்போது உருளையை எடுத்துவிட்டு ஆளை வை. எந்த ஆளை வைப்பாய்?"

எந்த ஆள்? இது இயற்பியல் கேள்வி மாதிரியே இல்லை. ஆனால் இதில்தான் எனக்கு மீதி விடுமுறை போனது.

கணினிக்குள் படுக்க வைக்க ஆயத்த உடம்புகள் இருக்கின்றன. அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வெளியிட்டது. லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன உடம்புகள். ஒவ்வொரு கட்டத்திலும் இது கல்லீரல், இது எலும்பு, இது கொழுப்பு என்று குறித்திருக்கும். ஆணின் உயரம் 176 சென்டிமீட்டர், எடை 73 கிலோ. பெண் 163 சென்டிமீட்டர், 60 கிலோ. இந்த அளவுகள் மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களை வைத்து 2002இல் வரையறுத்தவை.

இந்த இருவரும் முழுக்கக் கற்பனை இல்லை. ஜெர்மனியில், மியூனிக் பக்கத்து ஆய்வுக்கூடத்தில், உண்மையான நோயாளிகளின் முழு உடல் சி.டி. படங்களிலிருந்து செய்தவை. ஆணுக்கு மூலம் 38 வயது லுகேமியா நோயாளி ஒருவர். ஆய்வாளர்கள் அந்த உருவத்துக்கு கோலெம் என்று பெயர் வைத்தார்கள், யூதக் கதைகளில் களிமண்ணால் செய்து உயிரூட்டிய ஆளின் பெயர். பிறகு அதை ஆணையத்தின் அளவுகளுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். உலகெங்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கணக்குகளுக்கு அடிப்படையாக நிற்கும் ஆரோக்கியமான சராசரி மனிதனுக்கு உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார். அந்த ஆளைப் பற்றி நான் அடிக்கடி யோசித்தேன். ஆய்வறிக்கையில் அதற்கெல்லாம் இடம் கிடையாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து உடம்புகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆசிய நாடுகளின் உடல் அளவுகளைத் திரட்டி அனைத்துலக அணுசக்தி முகமை 1998இல் ஒரு தொகுப்பே வெளியிட்டது. ஜப்பானும் கொரியாவும் சீனாவும் தங்களுக்கென்று கணினி உடம்புகள் செய்துகொண்டன. 2020இல் ஆணையம் வெளியிட்ட புதிய, வழவழப்பான மேற்பரப்புள்ள உடம்புகளை உருவாக்கியதில் முக்கியப் பங்கு சியோலின் ஹன்யாங் பல்கலைக்கழகத்துக்கு. ஆனால் உருவாக்கியவர்கள் கொரியர்கள் என்பதால் உடம்பின் அளவு மாறிவிடவில்லை, அதே 176, அதே 73.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் ஆயிரத்தை 20 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் அனுப்பினால் எதிலும் முட்டாமல் மறுபக்கம் வருபவை சுமார் 16. 30 சென்டிமீட்டருக்குள் அனுப்பினால் வெறும் 2. பத்து சென்டிமீட்டர் கூடியதற்கு எட்டு மடங்கு இழப்பு. குண்டான ஆளுக்கு நல்ல படம் வேண்டுமென்றால் நிறைய ஃபோட்டான் கொட்ட வேண்டும். ஒல்லியான ஆளுக்கு அதே அளவைக் கொட்டினால், நடு வயிறுவரை அத்தனையும் கூடுதல் டோஸ்.

இதைத்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011இல், தன் 204ஆம் அறிக்கையில், ஓர் எளிய அட்டவணையாக்கியது. உடம்பின் முன்பின் அகலத்தையும் பக்கவாட்டு அகலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு விட்டம் வரும். அந்த விட்டத்துக்கு ஒரு பெருக்கெண் இருக்கிறது. 32 சென்டிமீட்டர் உருளையை வைத்துத் திரையில் வந்த எண்ணை அதால் பெருக்கினால் அந்த அளவு ஆளுக்கான மதிப்பீடு. விட்டம் 36 என்றால் பெருக்கெண் ஏறக்குறைய 1. 28 என்றால் 1.3. 22 என்றால் 1.65.

அறிக்கையைக் கோமுட்டரில் படித்துக்கொண்டே கிள்ளானுக்குப் போனேன். அந்த வாரம் அத்தை மகளின் நிச்சயதார்த்தம். தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களைச் சுற்றி வர ஆரம்பித்தேன். சுற்றளவைப் பையால் வகுத்தால் விட்டம், பத்து விநாடி வேலை. பாட்டிக்கு 27 அங்குலம். விட்டம் 22 சென்டிமீட்டர். பெரிய மாமாவுக்கு 44 அங்குலம், விட்டம் 36 வரை வருகிறது.

"என்னாம்மா, சட்டை தைக்கப் போறியா?" மாமா வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கேட்டார்.

"மூச்ச விடுங்க மாமா, அப்பத்தான் கணக்கு சரியா வரும்."

இப்போது இருவரையும் ஒரே மெஷினில் படுக்க வையுங்கள், கற்பனையில்தான். இன்றைய மெஷின்கள் ஆளின் பருமனைப் பார்த்து மின்னோட்டத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மாமாவுக்குத் திரையில் 10 மில்லிகிரே என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு மெஷின் குறைத்துக்கொண்டு 6 காட்டுகிறது. பரவாயில்லையே, பாட்டிக்குக் கம்மி என்று தோன்றும். பெருக்கெண்ணைப் போட்டுப் பாருங்கள். மாமாவுக்கு 9.9. பாட்டிக்கும் 9.9. இரண்டு பேரும் ஒரே அளவுதான் வாங்கியிருக்கிறார்கள். மெஷின் குறைக்கத் தெரியாத பழைய ரகமாக இருந்து பாட்டிக்கும் 10 கொடுத்திருந்தால், அது 16.5. திரையோ இருவருக்கும் 10 என்றே காட்டும்.

என் வேலை, இந்தப் பெருக்கெண்கள் என் கணினி உடம்புகளுக்கும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. ஆணையத்தின் பெண்ணை எடுத்து, எல்லாத் திசையிலும் சுருக்கி, பாட்டியின் அளவுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டேன். கிடைத்த புள்ளிகள் அட்டவணையின் கோட்டை ஒட்டியே விழுந்தன. வரைபடம் அழகாக இருந்தது. ப்ரொஃபிடம் காட்டினேன். அவர் வரைபடத்தைவிட உடம்பைத்தான் உற்றுப் பார்த்தார்.

"இது உன் பாட்டி இல்லை. சலவைக்குப் போய்ச் சுருங்கிய ஐரோப்பியப் பெண்."

சொன்னது உண்மை. சுருக்கினால் கல்லீரலும் அதே விகிதத்தில் சுருங்கும், கொழுப்பும் அதே விகிதத்தில் சுருங்கும். நிஜ உடம்புகள் அப்படிச் சுருங்குவதில்லை, அதுவும் நம்முடைய உடம்புகள். 2004இல் லான்செட் இதழில் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று வந்தது, படிக்காதவர்கள் தேடிப் படிக்கலாம். எழுதியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: பூனேவின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு அச்சு அசலாக ஒன்று, 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரட்டிப்புக்கும் மேல். பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படமும் அதில் இருக்கிறது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெற்காசியர்களுக்கு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது பற்றி அதற்கு முன்னும் பின்னும் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. நம் ஊரில் பாதிக் குடும்பங்களில் சர்க்கரை மாத்திரை டப்பா ஏன் இருக்கிறது என்பதற்கான பதிலில் ஒரு பங்கு அதில் இருக்கிறது.

என் கணக்குக்கு அது இன்னொரு விதத்தில் வேண்டும். கொழுப்பும் தசையும் எக்ஸ்ரேக்கு ஒன்றல்ல. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் இருக்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 வாக்கில், தசை பிளஸ் 50 வாக்கில். அதாவது ஒரே சுற்றளவுள்ள இரண்டு வயிறுகளில் கொழுப்பு அதிகமான வயிறு கதிரைக் கொஞ்சம் தாராளமாக உள்ளே விடும். டேப்பில் இது பிடிபடாது. அமெரிக்கச் சங்கமே 2014இல் இதைச் சரிசெய்தது: வெளி அளவை விட்டுவிட்டு, படத்திலேயே எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டது என்று பார்த்து அதற்குச் சமமான தண்ணீர் விட்டத்தைக் கணக்கிடச் சொன்னது. காற்று நிறைந்த நுரையீரல் உள்ள நெஞ்சுக்கு இது மிகவும் முக்கியம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நம்ம ஆட்கள் ஒல்லி, வெள்ளைக்காரன் கணக்கு நமக்குப் பொருந்தாது" என்று நிச்சயதார்த்த வீட்டில் ஒரு தாத்தா உற்சாகமாகச் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன உடம்பு. அவர் பெற்ற பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், கிடங்கில் கணக்கு எழுதுகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிடுகிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். ஒரே வீட்டுக்குள் 22 சென்டிமீட்டரும் 36 சென்டிமீட்டரும் இருக்கும்போது, "தமிழ் உடம்பு" என்று ஒன்றைச் செய்து கணினியில் படுக்க வைத்தால் அது இன்னொரு கோலெம்தான். எங்கள் குழுவில் ஒருவர் மலேசியச் சராசரி உடம்பு ஒன்று செய்யலாம் என்றார். எனக்கு அதில் ஈடுபாடில்லை. சராசரி எடுக்க ஆரம்பித்தால் முதலில் காணாமல்போகிறவர் பாட்டிதான்.

இந்தத் துறை போகிற திசையும் எனக்குச் சாதகம்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு மருத்துவச் சோதனையை முழுக்கக் கணினிக்குள் நடத்திக் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க வழக்கமான மேமோகிராம் நல்லதா, அடுக்கடுக்காகப் படமெடுக்கும் புதிய முறை நல்லதா என்று ஒப்பிட, 2,986 பெண்களை உருவாக்கினார்கள். எல்லோரும் வேறு வேறு. மார்பகத்தின் பருமன் வேறு, அடர்த்தி வேறு. தாயம் உருட்டித்தான் ஒவ்வொருவரையும் செய்தார்கள், பிறகு அவர்களுக்குள் ஃபோட்டான்களையும் தாயம் உருட்டி அனுப்பினார்கள். படம் பார்த்துச் சொன்னதும் மருத்துவர் இல்லை, நிரல்தான். முடிவு உண்மைப் பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவோடு ஒத்துப்போனது. ஒரு சராசரிப் பெண்ணை வைத்து இதைச் செய்திருக்கவே முடியாது. மலேசியாவில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான், அடர்த்தி அதிகமான மார்பகத்தில் கட்டி மறைந்துகொள்ளும் என்பதும் தெரிந்ததே. மார்பக அடர்த்தியைப் பற்றி இங்கேயே நீண்ட காலம் ஆராய்ந்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இங் குவான் ஹூங். அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுகலை 1998இலிருந்து நடக்கிறது. இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று நினைக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் அந்தப் பக்கம் ஒரு எட்டுப் பார்க்கலாம்.

விடுமுறை முடியும்போது என் கையில் இருந்தது ஒரு கோப்புறை. வேறு வேறு பருமன், வேறு வேறு கொழுப்புப் பங்கீடு உள்ள எளிய உடம்புகள், நீள்வட்ட வயிறு, உள்ளே நீள்வட்டக் கொழுப்பு அடுக்கு, முதுகெலும்பு, கல்லீரல். பார்க்க உடம்பு மாதிரியே இருக்காது. ஆனால் ஒவ்வொன்றிலும் கொழுப்பை மட்டும் கூட்டிக் குறைத்து டோஸ் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். சுற்றளவால் வரும் மாற்றம் பெரியது, கொழுப்பு இருக்கும் இடத்தால் வரும் மாற்றம் அதைவிடச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதைத்தான் அடுத்த செமஸ்டரில் உண்மையான படங்களை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பெயர் நீக்கிய படங்கள் வேண்டும், படிவங்கள் ஒரு கட்டு. தாயம் உருட்டுவதைவிடப் படிவம் நிரப்புவது கடினம்.

இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் சுருக்கமாகப் போட்டேன். அத்தையிடமிருந்து உடனே குரல் செய்தி: "அப்போ பாட்டிக்கு டாக்டர் வயித்து ஸ்கேன் எழுதிக் குடுத்தாரே, அது வேணாமா? ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஆபத்துன்னுல போட்டிருக்க?"

நான் அப்படிப் போடவில்லை. ஆனால் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆகவே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். எடுங்கள், அத்தை. டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுத்த ஸ்கேனை இந்த வித்தியாசத்துக்காகத் தள்ளிப்போடக் கூடாது. 6 என்பது 10 ஆவதும் 10 என்பது 16.5 ஆவதும் மெஷினை அமைக்கிறவர்களும் எங்களை மாதிரி ஆட்களும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். எண்பது வயதுப் பாட்டிக்கு வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் டாக்டரிடம் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், அவற்றில் எக்ஸ்ரே கிடையாது.

இன்னொன்று. போன வருடம் வேறு ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு ஒரு ஸ்கேன் எடுத்தோமே, அந்தப் படங்கள் பதிந்த தட்டு டிவி அலமாரியில், கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ஸ்கேன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், குறைகிற டோஸ் நூறு சதவீதம். என் சிமுலேஷன் எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது.